கிளினிக் வரிசையும் இரத்ததான முகாமும்: ஒரு பரம்பரையலகு ஆய்வுத் திட்டம் மாறிய விதம்

போன மாரியில் ஒருநாள் பின்னேரம், மருத்துவத்தில் மேற்படிப்புச் செய்யும் பிள்ளை ஒருவர் நனைந்த பைலோடு கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் புள்ளிவிபரவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் வருவார்கள். எக்செல் தாளை நீட்டி, "சேர், பி பெறுமானத்தை மட்டும் எடுத்துத் தந்தால் காணும்" என்பார்கள். இவர் ஒரு சொட்டு இரத்தம்கூட எடுக்க முதல் வந்திருந்தார். அதற்காகவே உள்ளே இருத்திப் பிளேன்ரீ போட்டுக் கொடுத்தேன்.

திட்டம் இதுதான். யாழ்ப்பாணத்துத் தமிழரிடம் இரண்டாம் வகை நீரிழிவுக்கும், அதாவது ஊரில் நாங்கள் சீனி வருத்தம் என்பதற்கும், ரீசீஎஃப்7எல்2 என்ற பரம்பரையலகில் உள்ள ஓரெழுத்து மாற்றத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பது. தெரிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 10ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கும் இந்தப் பரம்பரையலகை 2006இல் ஐஸ்லாந்துக் குழு ஒன்று நீரிழிவோடு தொடர்புபடுத்தியது. பிறகு எத்தனையோ நாட்டு மக்களிடம் அது திரும்பத் திரும்ப உறுதியானது. ஒரே இடத்தில் ஆளுக்கு ஆள் வேறுபடும் வடிவங்களை எதிருரு என்போம். ஆபத்தான எதிருருவின் ஒவ்வொரு பிரதியும் நோயின் ஒட்ஸை, அதாவது நோய் இருக்கும் வாய்ப்புக்கும் இல்லாத வாய்ப்புக்கும் உள்ள விகிதத்தை, ஏறக்குறைய 1.4 மடங்காக்குகிறது.

நோயாளர் 400 பேரை ஒரு வைத்தியசாலையின் சீனி வருத்தக் கிளினிக்கில் எடுப்பது. ஒப்பீட்டுக்கு நோயில்லாத 400 பேரை இரத்ததான முகாம்களில் எடுப்பது. அப்புறம் வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் கைவர்க்கச் சோதனை, இரு பகுதியின் ஒட்ஸையும் ஒப்பிடும் ஒட்ஸ் விகிதம், முடிவுரை.

"இதில பிழை ஏதும் இருக்கோ சேர்?"

"பிழை இருக்கட்டும் பிள்ளை. கிளினிக்குக்கு ஆர் வருகினம், முகாமுக்கு ஆர் வருகினம் எண்டு முதல் சொல்லும்."

யோசித்துச் சொன்னார். கிளினிக்குக்குக் காலை பஸ்ஸில் வருகிறவர்கள் கூடுதலாக வலிகாமம், தீவகம் பக்கத்தவர்கள். முகாம்களோ பழைய மாணவர் சங்கங்கள் நடத்துபவை. இவருக்கு அறிமுகமானவை எல்லாம் வடமராட்சியில், இவருடைய சொந்த ஊரைச் சுற்றி. இரத்தம் கொடுக்க 18 முதல் 60 வயதுவரை வரலாம் என்றாலும், வருகிறவர்களில் பெரும்பகுதி இளந்தாரிகள். கிளினிக் வரிசையில் ஐம்பதுக்குக் கீழே ஆளைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

வயதுப் பிரச்சினையை அவர் தானாகவே கண்டுகொண்டார். இன்றைக்கு 24 வயதில் சீனி இல்லை என்று ஒப்பீட்டுக் குழுவில் சேர்க்கும் பெடியன், 50 வயதில் அதே கிளினிக் வரிசையில் நிற்கலாம். அப்படியானவர்கள் கலந்தால் இருக்கிற தொடர்பும் மங்கிப்போகும். ஊர்ப் பிரச்சினை வேறு மாதிரி: அது இல்லாத தொடர்பை உண்டாக்கும். அதை அவர் உடனே ஏற்கவில்லை. "குடாநாடு ஒரு சின்ன இடம் சேர். எல்லாரும் யாழ்ப்பாணத்து ஆக்கள்தானே?"

குடாநாடு சின்னதுதான். ஆனால் கலியாணப் பேச்சு அவ்வளவு தூரம்கூடப் போவதில்லை. ஊருக்குள், சொந்தத்துக்குள், அதற்கும் உள்ளே இன்னொரு வட்டத்துக்குள் என்று தலைமுறை தலைமுறையாக முடித்து வந்திருக்கிறோம். சின்ன வட்டத்துக்குள் கலியாணம் நடந்துகொண்டிருந்தால் எதிருருக்களின் விகிதம் தற்செயலாகவே ஒரு பக்கம் சாயும். அதற்கு நோய் எதுவும் தேவையில்லை. தெற்காசியா முழுவதும் இதுதான் கதை. 2017இல் வெளிவந்த ஆய்வொன்று 260க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்கள் அஷ்கனாசி யூதர்களையும் பின்லாந்துக்காரரையும் விடக் கடுமையான மூதாதையர் நெருக்கடியூடாக, அதாவது மிகச் சில மூதாதையரிலிருந்து பெருகி, வந்தவை என்று கண்டது.

சொல்லி விளங்கப்படுத்துவதைவிட எண்களைப் போட்டுக் காட்டுவது சுகம். பழைய நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் இல்லாத இரண்டு ஊர்களை உண்டாக்கினோம். அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. இங்கே ஊர்ப்பெயர் ஒன்றைச் சொன்னால் கூடவே வேறு பலதும் வந்து குந்திவிடும். முதலாம் ஊரில் ஏதோ ஓர் எதிருருவைக் காவுகிறவர்கள் நூற்றுக்கு 50 பேர், இரண்டாம் ஊரில் 20 பேர். அந்த எதிருருவுக்கும் நோய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தாளை எழுதுகிறவர்கள் நாங்கள் என்பதால் அது எங்களுக்குத் தெரியும். கிளினிக்கில் எடுத்த 400 பேரில் 300 பேர் முதலாம் ஊர், 100 பேர் இரண்டாம் ஊர். முகாமில் மறுவளமாக 100 பேரும் 300 பேரும்.

நோயாளரில் காவிகள் 150ம் 20ம், மொத்தம் 170. ஒப்பீட்டுக் குழுவில் 50ம் 60ம், மொத்தம் 110. ஊரை மறந்துவிட்டு இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் போட்டால் ஒட்ஸ் விகிதம் 1.95. கைவர்க்கப் பெறுமானம் 19.8. பி பெறுமானம், அதாவது தொடர்பே இல்லாதபோது இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு, இலட்சத்தில் ஒன்றுக்கும் கீழே.

பிள்ளை கல்குலேற்றரில் இரண்டாம் தரமும் அடித்துப் பார்த்தார். பிறகு ஒவ்வோர் ஊரையும் தனியே போடச் சொன்னேன். முதலாம் ஊரில் நோயாளரிலும் அரைவாசி, மற்றவரிலும் அரைவாசி. இரண்டாம் ஊரில் இரண்டிலும் ஐந்தில் ஒன்று. ஒட்ஸ் விகிதம் இரண்டிலும் சரியாக 1, அதாவது தொடர்பே இல்லை. மன்டெலும் ஹென்செலும் 1959இல் தந்த முறையில் இரண்டு ஊரையும் சேர்த்தாலும் அதே 1தான்.

இந்தப் பொறியைச் சொல்லிக்கொடுக்க 1994இல் லாண்டரும் ஷோர்க்கும் ஓர் உதாரணம் எழுதினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் குச்சியால் சாப்பிடும் திறமைக்குப் பரம்பரையலகு தேடினால், சீனரிடம் கூடுதலாக இருக்கும் எச்எல்ஏ-ஏ1 என்ற எதிருரு அகப்படும் என்று. எங்களுக்கு அது பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ். கொழும்பில், வெள்ளவத்தையில் நின்று போகிறவர் வருகிறவரிடம் இரத்தம் எடுத்து, கூழ் பிடிக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பிடிக்கும் என்றவர்களிடம் கூடுதலாக இருக்கும் எந்த எதிருருவும் 'கூழ்ப் பரம்பரையலகு' ஆகிவிடும். ஒடியல் மா இருந்த வீட்டில் வளர்ந்தவர்கள் யார் என்பதை மட்டும்தான் அது காட்டும்.

இது தாளில் மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைக்கவேண்டாம். அரிசோனாவின் கிலா நதிச் சமூகத்தில், 4,920 பூர்வகுடி மக்களிடம் நோலர் குழு செய்த ஆய்வு 1988இல் வந்தது. ஜீஎம் என்ற குருதிப் புரதக் குறி ஒன்று இருந்தவர்களில் நீரிழிவு நூற்றுக்கு 8, இல்லாதவர்களில் 29. அந்தக் குறி நோயிலிருந்து காக்கிறது என்று பத்திரிகைக்காரர் தலைப்புப் போடக்கூடிய வித்தியாசம். ஆனால் அந்தக் குறி ஐரோப்பியக் கலப்பின் அடையாளம். கலப்புக் கூடியவர்களிடம் நீரிழிவு குறைவு. பூர்வகுடி வம்சம் எவ்வளவு என்பதை வைத்து மக்களைப் பிரித்தார்கள். அரைவாசி வம்சம் உள்ளவர்களில் குறி இருந்தவருக்கு 28.3, இல்லாதவருக்கு 28.8. வித்தியாசம் அவ்வளவுதான். அந்தக் குழுவிடம் ஒவ்வொருவரின் வம்ச விபரமும் பதிவில் இருந்தது. அது இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்களிடம் அப்படி என்ன பதிவு இருக்கிறது? இந்த இடத்தில் இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கலியாண வட்டத்தைத் தீர்மானிப்பது எது என்று இருவருக்கும் தெரியும். அதைப் படிவத்தில் ஒரு கேள்வியாகப் போடமுடியாது என்பதும் தெரியும். போட்டால் ஒருத்தரை நோகடிப்போம், இன்னொருத்தர் பொய் எழுதுவார். அதைவிட, அந்த ஒற்றைச் சொல் இந்தக் கணக்குக்குத் துல்லியமானதும் அல்ல. ஒரே பெயருக்குள்ளேயே ஊருக்கு ஊர் கொண்டுகொடுப்பு இல்லாத வட்டங்கள் இருக்கின்றன.

விலாசத்தைக் கேட்கலாம் என்றார். அதுவும் சரிவராது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு விலாசம் என்பது எங்கே வீடு கிடைத்தது என்பதைச் சொல்லுமே தவிர, ஆள் எந்த ஊர் என்பதைச் சொல்லாது. தீவுகளிலிருந்து பெயர்ந்து நல்லூரில் இருப்பவரும் உண்டு, மயிலிட்டியை விட்டு வந்து சுன்னாகத்தில் இருப்பவரும் உண்டு. கடைசியில் நாலு பெட்டி போட்டோம்: அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா பிறந்த ஊர். எங்கள் ஆட்களுக்கு இந்தக் கேள்வி நோகாது. சிலர் பெட்டிக்கு வெளியேயும் எழுதுவார்கள்.

படிவம் சொல்லாததை டீஎன்ஏ சொல்லும். ஆனால் அதற்கு ஒரு குறி, அதாவது டீஎன்ஏயில் ஆளுக்கு ஆள் வேறுபடும் ஓர் இடம், போதாது; நூற்றுக்கணக்கிலாவது வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் நல்லது. 1999இல் டெவ்லினும் ரோடரும் சொன்ன வழி எளிமையானது. நோயோடு சம்பந்தமில்லாத பல குறிகளையும் அதே ஆட்களில் சோதித்து, கிடைக்கும் கைவர்க்கங்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் பெறுமானத்தை, அதாவது இடையத்தை, எடு. ஒரு கலப்பும் இல்லையென்றால் அது 0.455 அளவில் நிற்கவேண்டும். இருப்பதை 0.455 ஆல் வகுத்தால் வருவது லாம்டா. அது 1.3 என்றால் உன்னுடைய எல்லாப் பெறுமானமும் அந்த அளவுக்கு ஊதியிருக்கிறது. எல்லாவற்றையும் அதனால் வகு. எனக்கு இந்த முறை பிடிக்கும், ஆனால் நம்பிக்கை அரைவாசிதான். ஊர்களுக்கிடையே மிக வித்தியாசமான குறியையும் வித்தியாசமே இல்லாத குறியையும் ஒரே எண்ணால் வகுப்பது, வகுப்பில் எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பது போன்றது.

2006இல் பிரைஸ் குழு கொண்டுவந்த தலைமைக் கூற்று முறை இன்னும் நல்லது. எல்லா ஆட்களுடைய எல்லாக் குறிகளையும் ஒரு பெரிய அணியாக வைத்து, ஆட்களுக்கிடையே கூடுதலான வித்தியாசம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கேட்பது. முதல் சில கூறுகளை வரைந்தால் ஆட்கள் தாங்களே கொத்துக் கொத்தாகப் பிரிந்து நிற்பார்கள். நாங்கள் கேட்கக் கூசிய கேள்விக்கு, கேளாமலே வந்த பதில் அது. அந்தக் கூறுகளை லொஜிஸ்டிக் பின்னடைவில், அதாவது பல காரணிகளை ஒன்றாக வைத்து நோயின் ஒட்ஸைக் கணிக்கும் முறையில், துணை மாறிகளாகச் சேர்த்தால் கலப்பின் பெரும்பகுதி போய்விடும். ஆட்கள் உலக வரைபடத்தில் எங்கே விழுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க, பல நாட்டவரின் டீஎன்ஏயை வாசித்து வைத்த 1000 ஜீனோம்கள் திட்டத்தின் 2,504 பேரில் இலங்கைத் தமிழர் 102 பேர் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்த இடம் பிரித்தானியா. எங்கள் ஆட்களுக்கான அளவுகோலும் புலம்பெயர்ந்துதான் இருக்கிறது.

தலைமைக் கூறுகள் தூரத்து வம்சத்தைப் பிடிக்கும். கிட்டத்து உறவைச் சரியாகப் பிடிக்காது. கிளினிக் வரிசையில் அக்காவும் தங்கச்சியும் ஒரே பஸ்ஸில் வந்து பக்கத்தில் பக்கத்தில் இருப்பது எங்கள் ஊரில் புதினமா? சோதனைகளோ ஒவ்வோர் ஆளும் தனி என்று நினைத்துக்கொள்கின்றன. வழக்கமான மருந்து, இருவர் இருவராக எடுத்து டீஎன்ஏயில் எவ்வளவு பங்கு பொது என்று கணித்து, 0.1875க்கு மேலே இருந்தால் ஒருவரை நீக்குவது. ஒன்றுவிட்ட சகோதரருக்கான 0.125க்கும் மாமன் மருமக்களுக்கான 0.25க்கும் நடுவே விழும் எண் அது. இதை எழுதிவைத்தவர்கள் மச்சான் மச்சாளை முடிக்கும் ஊரைக் கண்டவர்கள் அல்ல. இங்கே அப்படி நீக்கினால் கையில் மிஞ்சுகிறவர் எத்தனை பேரோ. அதனால் ஆட்களை வைத்துக்கொண்டு, அவர்களின் உறவளவை ஓர் அணியாக மாதிரியுருவுக்குள் கொடுக்கும் கலப்பு மாதிரியுருவைத்தான் நான் சொன்னேன்.

மச்சான் மச்சாள் கலியாணம் இன்னொரு இடத்திலும் குறுக்கிடும். ஆய்வுகூடப் பிழையைப் பிடிக்க எல்லாரும் ஹார்டி-வைன்பேர்க் சமநிலையைப் பார்ப்பார்கள்; கலியாணங்கள் எழுந்தமானமாக நடந்தால் எதிருருச் சோடிகள் என்ன விகிதத்தில் இருக்கும் என்ற கணக்கு அது. எதிருருவின் விகிதம் 0.4 என்றால் கலப்பினர், அதாவது இரண்டு எதிருருவும் உள்ளவர்கள், 0.48 இருக்கவேண்டும். குறைந்தால் இயந்திரம் சிலரைத் தவறாக வாசித்திருக்கிறது என்று அந்தக் குறியைத் தூக்கி எறிவார்கள். ஆனால் எல்லாப் பெற்றோரும் சொந்த மச்சான் மச்சாளாக இருந்தாலே அது 0.45 ஆகிவிடும், ஏனென்றால் அகவிருத்திக் குணகம், அதாவது சொந்தத்தில் முடித்ததால் பிள்ளைக்கு ஒரே மூதாதையின் எதிருரு இரு வழியாலும் வரும் வாய்ப்பு, 16இல் 1. விகிதம் 0.2 உள்ள ஊரையும் 0.6 உள்ள ஊரையும் சரிசமமாகக் கலந்தால் சராசரி அதே 0.4தான், கலப்பினர் 0.40 மட்டும். ஆக, குறைவுக்குக் காரணம் இயந்திரமா, கலப்பா, கலியாணமா என்று ஒரு குறியைப் பார்த்துச் சொல்லமுடியாது. எல்லாக் குறியிலும் ஒரே அளவில் குறைந்தால் கலியாணம். ஊர்களுக்கிடையே வித்தியாசமானவற்றில் மட்டும் குறைந்தால் கலப்பு. ஏதோ ஒன்றில் மட்டும் படுமோசமாகக் குறைந்தால் இயந்திரம். இந்தப் பகுதியைத்தான் பிள்ளை இரண்டு தரம் சொல்லச்சொல்லி எழுதிக்கொண்டார்.

குடும்பத்தை வைத்துச் செய்யும் வழியும் இருக்கிறது. 1993இல் ஸ்பீல்மன் குழு தந்த கடத்தல் சோதனையில் ஒப்பீட்டுக் குழுவே தேவையில்லை. இரண்டு எதிருருவும் உள்ள தாய் தகப்பன் நோயுள்ள பிள்ளைக்கு எதைக் கடத்தினார், எதைக் கடத்தவில்லை என்று எண்ணினால் போதும். கடத்தாத எதிருருதான் ஒப்பீடு. அதுவும் அதே வீட்டில் இருந்து வருவதால் ஊர்க் கலப்பு உள்ளே வர வழியில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. நோயாளருக்கு 60 வயது. தாய் தகப்பனில் பாதிப்பேர் உயிரோடு இல்லை, மிச்சப்பேர் ரொறன்ரோவில். அதை விட்டுவிட்டோம்.

எண்ணிக்கை காணுமா என்று கேட்டார். ஆபத்து எதிருருவின் விகிதம் 0.3 என்றும் ஒட்ஸ் 1.4 என்றும் வைத்துப் போட்டுப் பார்த்தேன். 400க்கு 400 எடுத்து இந்த ஒரு குறியை மட்டும் 0.05 மட்டத்தில் சோதித்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 89 அளவில். ஜீனோம் முழுவதையும், அதாவது ஆளின் டீஎன்ஏ முழுவதையும், துழாவினால், பத்து இலட்சம் சோதனைக்கு ஈடுகட்ட எல்லை 0.00000005க்கு இறங்கும்; அதே ஆட்களோடு வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுதான். "அப்ப பெரிய சிப் வாங்கிப் புதுசு தேடேலாது" என்றார். சிப் என்பது பல இலட்சம் குறிகளை ஒரே தரத்தில் வாசிக்கும் சில்லு. தேட ஏலாது. ஆனால் அதே சிப்பை வம்சக் கலப்பைப் பார்க்கப் பாவிக்கலாம். அதற்கு இந்த எல்லை தேவையில்லை.

போகும்போது ஆய்வுகூடத் தட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னேன். 96 குழித் தட்டில் 800 மாதிரிக்கு ஒன்பது தட்டு வேண்டும். அவருடைய திட்டத்தில் முதல் தட்டுகள் எல்லாம் நோயாளர், பிறகு மற்றவர்கள். இது வேண்டாம் என்றேன். 2010இல் நூறு வயதைத் தாண்டியவர்களின் பரம்பரையலகுகள் பற்றி சயன்ஸ் சஞ்சிகையில் பெரிதாக வந்த ஆய்வு, 2011இல் திரும்பப் பெறப்பட்டது. முதியவர்களில் ஒரு பகுதியினரை வேறு வகைச் சிப்பில் வாசித்திருந்தார்கள், அந்தச் சிப்பில் சில குறிகள் பிழையாக வாசிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு தட்டிலும் இருபகுதியாரையும் குலுக்கிப் போட்டால் செலவு ஒரு சதமும் கூடாது.

மிச்சம் இருந்தது ஒப்பீட்டுக் குழு. இரண்டு கிழமை கழித்து அவர் ஒரு யோசனையோடு வந்தார். அது என்னுடையதல்ல, அவருடையது.

"கிளினிக்குக்கு ஆரும் தனிய வாறேல்லை சேர். புருசனோடயோ பெஞ்சாதியோடயோதான் வருவினம். அவையையே எடுத்தால் என்ன?"

நான் சிரித்துவிட்டேன். கலியாணப் பேச்சுக்காரர் ஊரும் வட்டமும் பொருத்தி வைத்த சோடி; அந்தப் பொருத்தத்தைக் காசு கொடுத்தாலும் நாங்கள் செய்யமுடியாது. பிரச்சினையைக் கொண்டுவந்த அதே வழக்கம் ஒப்பீட்டையும் கொண்டுவந்து பக்கத்துக் கதிரையில் இருத்தியிருக்கிறது. வயதும் கிட்டத்தட்ட ஒன்று, சாப்பாடும் ஒரே அடுப்பில். குறி 10ஆம் நிறமூர்த்தத்தில் என்பதால் ஆண் பெண் வித்தியாசம் எதிருரு விகிதத்தைக் குழப்பாது. சோடியைச் சோடியாகவே வைத்து, சோடிக்குள்ளேயே ஒப்பிடும் நிபந்தனை லொஜிஸ்டிக் பின்னடைவில் போடலாம். நட்டமும் உண்டு: சோடி மச்சான் மச்சாளாக இருந்தால் எதிருருக்கள் பொதுவாகிக் கண்டுபிடிக்கும் வலு குறையும். துணையை இழந்தவர்களைச் சேர்க்கமுடியாது. ஒரே அடுப்பு என்பதால் துணைக்கும் சீனி இருக்க இடமுண்டு. அதனால் எல்லாத் துணைவருக்கும் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி பார்த்து, 5.7க்குக் கீழே இருந்தால் மட்டும் ஒப்பீடு. எண்ணிக்கையை 500 சோடியாகக் கூட்டினார். சொந்தத்தில் முடித்தவர்களா என்ற கேள்வியும் படிவத்தில் ஏறியது.

புதிய திட்டம் ஒழுக்கநெறிக் குழுவுக்குப் போனது. பதில் வர முதல் படிவத்தை ஒத்திகை பார்க்கச் சொன்னேன், வீட்டிலேயே. தகப்பன் பத்து வருடமாகச் சீனிக் குளிசை எடுப்பவர். தாய் ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்லித் திரிபவர். நாலு பெட்டியிலும் இருவரும் ஒரே ஊரை எழுதியிருந்தார்கள். சொந்தமா என்ற கேள்விக்கு ஓம், சொந்த மச்சான் மச்சாள்.

அடுத்த கிழமை தொலைபேசி எடுத்தார்.

"சேர், அம்மான்ர ரிப்போட் வந்திட்டுது. 6.8."

"நோயாளர் பக்கம் போடும் பிள்ளை" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அம்மா என்ன சொல்கிறா என்று கேட்டேன்.

"கோயில்ல மூண்டு நாளா மோதகம் சாப்பிட்டதாலயாம்."